இரண்டாவது மணி யாருக்கு?

உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். நான் முதன்முதலில் வேலை பார்த்த கோவில் பங்கின் வரலாறு. வழவழப்பான தாள், அட்டையில் கோவிலின் இரட்டைக் கோபுரம். ஒரு பழைய பங்கு எப்படி வளர்ந்தது என்று படித்துத் தெரிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம். எனக்கும் ஒரு பிரதி வந்தது. பாதி படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாய்விட்டுத் திட்டினேன். என் மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "யாரு கூடப்பா சண்டை?" என்றாள். ஆளே இல்லை, புத்தகத்தோடுதான் என்றேன்.

புத்தகத்தில் முக்கால்வாசி உண்மைதான். முதலில் ஓலைக் கொட்டகை இருந்தது, தாடி வைத்த பிரெஞ்சுச் சாமியார் வந்தார், செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கோவில் எழும்பியது, சீமையிலிருந்து பெரிய மணி வந்தது. எல்லாம் சரி. மணி புதுச்சேரியில் கப்பல் இறங்கி, மாட்டு வண்டியில் வந்ததும் சரி. வெள்ளாற்று மணலில் வண்டி புதைந்தபோது "விசுவாசிகள் தோள் கொடுத்தனர்" என்று எழுதியிருக்கிறது. எந்தத் தெரு விசுவாசிகள் என்று எழுதவில்லை. போகட்டும். அதற்குக்கூட நான் திட்டவில்லை. அடுத்த பக்கத்தில் இருக்கும் வரிதான் என்னைக் கிளப்பியது. இந்தப் பங்கில் இறந்தவர்களுக்கு மணி அடிப்பதில்லையாம். மரணத்தில் ஆடம்பரம் கூடாது என்று முன்னோர் தாழ்ச்சியோடு எடுத்த முடிவாம்.

தாழ்ச்சி! அந்த முன்னோரை எனக்கு நேரில் தெரியும். அவர்களிடம் என்னென்னவோ இருந்தது. நிலம் இருந்தது, மாடு இருந்தது, கோவிலில் முன்வரிசை இருந்தது. தாழ்ச்சி இருந்து நான் பார்த்ததில்லை.

செபம் சொல்லிக்கொடுப்பது எப்படி, ஞானோபதேசம் நடத்துவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் பயிற்சி இருக்கிறது. சாமியார் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வது என்று பயிற்சியில் சொல்லமாட்டார்கள். நான் சொல்லப்போவது அப்படி ஒரு நாளைப் பற்றி.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரியலூரிலிருந்து வண்டித்தடத்தில் வர வேண்டிய ஊர். நான் சின்னப் பையன் இல்லை என்றாலும் மீசை இன்னும் சரியாக வளரவில்லை. ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. இரண்டிலும் கிறிஸ்தவர்கள்தான். கோவிலுக்குள் நடுவில் ஒரு மரக் கிராதி. அதற்கு முன்னால் மேலத்தெரு, பின்னால் கீழத்தெரு. நற்கருணை முதலில் முன்பக்கத்துக்கு, பிறகு பின்பக்கத்துக்கு. ஆண்டவர் கிராதியைத் தாண்டி வரக் கொஞ்சம் நேரமாகும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

மேலத்தெருவில் ஒருவர் செத்தால் கோபுரத்து மணி அடிக்கும். ஆம்பளை என்றால் மூன்று மூன்றாக, பொம்பளை என்றால் இரண்டு இரண்டாக. கேட்டவுடன் ஊர் முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு ஒரு செபம் சொல்லும். கீழத்தெருவில் செத்தால் மணி கிடையாது. ஏன் என்று நான் வந்த புதிதில் கேட்டேன். வழக்கம் என்றார்கள். எங்கள் வேலையில் இந்தச் சொல்லை நீங்களும் கேட்பீர்கள். இதற்குமேல் கேட்காதே என்று அதற்கு அர்த்தம்.

அந்த மணியை அடிப்பவர் மதலைமுத்து. கீழத்தெருக்காரர். அவருடைய தகப்பனும் அடித்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவரை நான் "வா, போ" என்றுதான் பேசினேன். அன்றைக்கு அதையே நல்ல பழக்கம் என்றார்கள். மேலத்தெருவில் யாரும் மணிக்கயிற்றைத் தொடமாட்டார்கள். மணியின் சத்தம் அவர்களுக்கு மரியாதை. மணியின் கயிறு அவர்களுக்குக் கேவலம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அந்த வருடம் வாந்திபேதி வந்தது. பங்குச் சாமியார் செந்துறைப் பக்கத்துக் கிளைக் கிராமங்களில் சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசுவதற்காக ஒற்றை மாட்டு வண்டியில் போய்விட்டார். போகும்போது என்னிடம், "எதையும் புதுசா ஆரம்பிச்சு வைக்காத. இருக்கிறத இருக்கிறபடி பாத்துக்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் இருக்கிறது இருக்கிறபடி இருந்தால் ஆட்கள் சாவார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அரியலூரிலிருந்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வருவார். பின்னால் கேரியரில் கிணற்றுக்குப் போடும் மருந்து டின். யுத்த காலம் என்பதால் எல்லா ஊருக்கும் போதுமான மருந்து இல்லை. எந்தத் தெருவில் சாவோ அந்தத் தெருக் கிணற்றுக்கு முதலில். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எந்தத் தெருவில் சாவு என்று அவர் தெருத்தெருவாகப் போய்ப் பார்க்கவில்லை. கோவில் வாசல் நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு என்னைக் கேட்பார்.

"என்னங்க உபதேசியார், இன்னிக்கு மணி அடிச்சுதா?"

"அடிச்சுதுங்க. மேலத்தெருவுல ஒண்ணு. ஆனா கீழத்தெருவுலயும் சாவு இருக்குங்க சார்."

"மணி கேக்கலியே?"

"அவங்களுக்கு அடிக்கிறதில்லீங்க."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பக்கத்தில் ஊர்ப் பெரியதனக்காரர் நின்றுகொண்டிருந்தார். மேலத்தெருவின் தலைவர், கோவில் காரியம் எல்லாம் அவர் சொற்படிதான். இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க நோவு ஒண்ணும் இல்ல சார்" என்றார் பெரியதனக்காரர். "கண்டதத் தின்னுட்டு வயித்தால போவுது அவனுங்களுக்கு. வருசா வருசம் உள்ளதுதான். நீங்க நம்ம கெணத்துக்குப் போடுங்க."

டின் மேலத்தெருவுக்குப் போனது. மறுநாளும் அப்படியே. மணி அடிக்காத தெருவில் யாரும் சாகவில்லை என்று சர்க்கார் முடிவு செய்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் புது மண் மேடாகிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்க யாருக்கும் உத்தியோகம் போட்டிருக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் பெரியதனக்காரருடைய தாயார் இறந்துபோனார். நோவு இல்லை, வயதாகிப் போனவர். ஊரிலேயே அந்த வாரம் ஒழுங்காகச் செத்தவர் அவர் ஒருவர்தான். மணி அடிக்கச் சொல்லி ஆள் வந்தது. மதலைமுத்து கோபுரத்தடியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரியதனக்காரர் வூட்டு ஆத்தா போயிட்டாங்க. ஏறு" என்றேன்.

"ஏறுறேன் ஐயா." எழுந்தார். எழுந்து நின்றே இருந்தார். "எம் பொண்டாட்டியும் போயிட்டா ஐயா."

"அருளாயியா? எப்ப?"

"விடியறப்ப. நேத்து சாயந்தரம் ஆரம்பிச்சுது. பக்கத்து வூட்லயும் ரெண்டு பேரு கெடக்குறாங்க. அதே கெணத்துத் தண்ணிதான் எல்லாருக்கும்."

"ஏன்யா எங்கிட்ட வந்து சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? மணி அடிப்பீங்களா?"

நான், "சாமி வரட்டும்" என்றேன்.

இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் அதிகமாகச் சொல்லப்படுவது இதுதான். கேட்க அடக்கமாக இருக்கும். உண்மையில் அது பின்வாசல் வழியாக ஓடுவது. மதலைமுத்து என்னை ஒரு முறை பார்த்தார். கோபம்கூடப் படவில்லை. "வரட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

மணி அடித்தது. இரண்டு இரண்டாக, இடைவெளி விட்டு, ஒரு குறையும் இல்லாமல். மேலத்தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்பதால் செபம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மணி நின்றது. ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம் அமைதி. பிறகு மறுபடியும் இரண்டு இரண்டாக ஆரம்பித்தது.

நான் கோவில் முற்றத்தில் நின்றிருந்தேன். இரண்டாவது முறை அடித்தால் இரண்டாவது சாவு. ஊரில் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் அது தெரியும்.

மேலத்தெரு பதறிப்போனது. இன்னொரு பொம்பளை செத்துவிட்டாள், யார் என்று தெரியவில்லை. நோவு காலம், எந்த வீட்டிலும் எதுவும் நடந்திருக்கலாம். பெண்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். "யாரு வூட்லடி? உங்க மாமியாளா?" "ஐயோ எங்க சின்னம்மா நேத்தே தலவலின்னாளே!" ஒருத்தி அழ ஆரம்பித்ததும் தெருவே அழுதது. மார்பில் அடித்துக்கொண்டார்கள். குறுக்கும் நெடுக்குமாக வீடு வீடாக ஓடினார்கள். செத்ததாக நினைத்த சின்னம்மா தலையில் பற்றுப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "ஏன்டி அழுவுறீங்க, யாரு போனா?" என்று கேட்டுத் தானும் சேர்ந்து அழுதார்.

நான் சொல்வதை நன்றாகக் கவனியுங்கள். அன்றைக்குக் காலையில் மேலத்தெரு முழுவதும் கூடி நின்று கீழத்தெரு அருளாயிக்காக ஒப்பாரி வைத்தது. மனதார வைத்தது. யாருக்கு என்று தெரியாததால்தான் வைத்தது.

தெருவில் ஒரு பிணமும் கிடைக்காமல் போன பிறகுதான் ஆம்பளைகளுக்குச் சந்தேகம் வந்தது. பெரியதனக்காரர் தாயாரை வீட்டில் கிடத்திவிட்டு, தம்பி, பங்காளிகளோடு முற்றத்துக்கு வந்தார். மணி அதற்குள் நின்றிருந்தது. மதலைமுத்து கீழே இறங்கவில்லை.

"உபதேசியாரே, ரெண்டாவது மணி யாருக்கு?"

"மதலைமுத்து பொண்டாட்டிக்கு. அருளாயிக்கு."

"எவ அவ?"

"உங்க களத்துல வருசா வருசம் கம்பு தூத்துனவ."

அவருக்கு முகம் கறுத்தது. "அவளுக்கு மணியா? எங்க ஆத்தாவுக்கு அடிச்ச சத்தமே இன்னும் அடங்கல, அதுக்குள்ள அவளுக்கா? யாரக் கேட்டு அடிச்சான்?"

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. "எனக்குத் தெரியாது, அவனாக அடித்தான்" என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என் வேலை பிழைக்கும். மதலைமுத்துவை அடித்தே கொன்றிருப்பார்கள், அல்லது குடிசையைப் பிரித்துவிட்டு ஊரைவிட்டு அனுப்பியிருப்பார்கள். எனக்குப் பெரிய தைரியம் எல்லாம் கிடையாது. ஆனால் சற்று முன்பு "சாமி வரட்டும்" என்று சொன்னது நாக்கில் இன்னும் கசந்துகொண்டிருந்தது.

"நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றேன்.

"நீயா? நீ யாருய்யா? நேத்து வந்த பய!"

"ஏன்ணே இவன்கிட்டப் பேசிக்கிட்டு" என்றான் அவர் தம்பி. "மொதல்ல அவன எறக்குங்கடா கீழ!" இரண்டு பேர் கோபுரப் படிக்குப் போனார்கள்.

"எறக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "எறக்கிட்டு அப்புறம் சொல்லுங்க. உங்க ஆத்தா வூட்ட விட்டுக் கெளம்புறப்ப எவன் அடிப்பான்? கோயிலுக்குள்ள வரப்ப எவன் அடிப்பான்? கல்லறையில மண்ணு தள்ளி முடியிற வரைக்கும் எவன் கயித்தப் புடிப்பான்? நீங்க புடிப்பீங்களா? உங்க தம்பி புடிப்பாரா?"

படியில் கால் வைத்தவன் காலை எடுத்தான்.

"கயித்த எப்படி இழுக்கணும், எங்க நிறுத்தணும்னு உங்கள்ல ஒருத்தருக்காவது தெரியுமா?" என்று இன்னொரு போடு போட்டேன். எனக்கும் தெரியாது. அதை அவர்கள் கேட்கவில்லை.

பெரியதனக்காரர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று முகத்திலேயே தெரிந்தது. ஒரு பக்கம் கீழத்தெருவுக்கு மணி அடித்த அவமானம். மறுபக்கம் தன் தாயார் மணி இல்லாமல், கீழத்தெருப் பிணம் போல, சத்தம் இல்லாமல் குழிக்குப் போகும் அவமானம். இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து சைக்கிள் மணி கேட்டது. இன்ஸ்பெக்டர். "என்னங்க, ரெண்டு தடவ அடிச்சுது? வழியிலயே கேட்டேன். எந்தெந்தத் தெரு?"

"ஒண்ணு மேலத்தெரு சார். வயசாகிப் போனது" என்றேன். "இன்னொண்ணு கீழத்தெரு. வாந்திபேதி. இன்னும் ரெண்டு பேரு கெடக்குறாங்க."

இன்ஸ்பெக்டர் பெரியதனக்காரரைப் பார்த்தார். அவரால் இப்போது வயிற்றுக்கோளாறு என்று சொல்ல முடியவில்லை. மணி அடித்தாயிற்று. அந்த மணிக்காகத்தான் அவரே முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"மணியே அடிச்சப்புறம் இல்லன்னு நான் எப்படி எழுதுறது?" என்று இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் திருப்பினார். டின் முதல் தடவையாகக் கீழத்தெருவுக்குப் போனது. வாய்விட்டுச் சொன்னபோது நம்பாத சர்க்கார், வெண்கலத்தில் அடித்ததும் நம்பியது. பக்கத்து வீட்டில் கிடந்த இருவரில் ஒருவர் பிழைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நோவு தணிந்தது. மருந்தாலா, வேறு எதனாலா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் டின் போன பிறகுதான் தணிந்தது.

பெரியதனக்காரருடைய தாயாருக்கு மணி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. வீட்டிலிருந்து கிளம்பியபோது, கோவிலுக்குள் நுழைந்தபோது, கல்லறைக்குப் போனபோது, மண் தள்ளி முடியும் வரை. மனைவியைக் குடிசையில் கிடத்தியிருந்த ஒரு மனிதர் தன்னை அடிக்க வந்தவர்களின் தாயாருக்கு அப்படி அடித்தார். எல்லாம் முடிந்ததும் கீழே இறங்கினார். உள்ளங்கை சிவந்திருந்தது.

"அருளாயிய எடுக்கணும் ஐயா. நான் பொணத்துக்குப் பின்னாடி போவணும்" என்றார். பிறகு, "கயிறு அங்கதான் தொங்குது" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டார்.

நான் ஏறினேன். உபதேசியார் மணிக்கயிற்றைப் பிடிப்பது அந்தப் பங்கில் அதுவரை நடக்காத காரியம். மேலே போன பிறகுதான் அந்தக் கனத்த வெண்கலத்தை அசைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. கீழத்தெருவிலிருந்து பாடை கிளம்புவது தெரிந்ததும் முழு பலத்தையும் போட்டு இழுத்தேன். ஒன்று, இரண்டு. கயிறு என்னைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. இறங்கும் வேகத்தில் மூன்றாவதும் விழுந்தது. நிறுத்தி மறுபடி இழுத்தேன். மறுபடியும் மூன்று. எவ்வளவு முயன்றும் இரண்டில் நிற்கவில்லை. பாடை கல்லறைத் தோட்டத்தை அடையும் வரை மூன்று மூன்றாகவே அடித்துத் தீர்த்தேன்.

மேலத்தெருவில் அப்போதுதான் துக்கத்துக்குக் குளித்துவிட்டு ஈரத் துணியோடு நின்றார்கள். மறுபடியும் ஆள் தேடினார்களாம். இந்தத் தடவை ஆம்பளை.

மறுநாள் மதலைமுத்து வந்தார். "என்ன ஐயா, எம் பொண்டாட்டிய ஆம்பளையாக்கிட்டீங்களே!"

"கயிறு நிக்கலீங்க, நான் என்ன பண்ணுவேன்" என்றேன். முதல் தடவையாக அவரிடம் 'ங்க' போட்டேன். வேண்டுமென்று போடவில்லை, வந்துவிட்டது.

"பரவால்ல ஐயா" என்றார். "வூட்ல அவதான் ஆம்பளை." சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஊரில் அடுத்த சாவு விழுமுன் சாமியார் திரும்பி வந்தார். அவர் வண்டியை விட்டு இறங்குமுன் மேலத்தெரு முழுவதும் வந்து நின்றது. அவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"புதுசா எதையும் ஆரம்பிக்காதன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சாமி. நீங்க இருந்திருந்தா என்ன பண்ணிருப்பீங்க?"

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "அடிக்க வேணாம்னுதான் சொல்லிருப்பேன்" என்றார். "நல்ல வேள, நான் இல்ல."

இவ்வளவு நேர்மையாகப் பேசிய மேலதிகாரியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர் வெளியே போய் ஊராரிடம் ஒரே பேச்சாகச் சொன்னார்: இனி அடித்தால் இரண்டு தெருவுக்கும் அடிக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் இல்லை. நீங்களே முடிவு செய்யுங்கள். அவர் போட்ட கணக்கு எனக்குப் புரிந்தது. மணி இல்லாமல் சாக மேலத்தெரு சம்மதிக்காது, வேறு வழியில்லாமல் கீழத்தெருவுக்கும் விட்டுக்கொடுக்கும் என்று நினைத்தார்.

பெரியதனக்காரர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

"அப்ப யாருக்கும் வேணாம் சாமி" என்றார்.

இதுதான் முன்னோர் எடுத்த முடிவு. இதுதான் புத்தகத்தில் இருக்கும் தாழ்ச்சி. இன்னொருவனுக்கும் கிடைக்கும் என்றால் தன் தாய் தகப்பனுக்கே வேண்டாம் என்று சொல்லும் தாழ்ச்சி. என்னையும் ஊரில் வைத்திருக்க முடியாது என்றார்கள். குன்னம் பக்கம் பருத்திக் காட்டு நடுவில் ஓர் ஓலைக் கோவிலுக்கு அனுப்பப்பட்டேன். அங்கே மணியும் இல்லை, கிராதியும் இல்லை. கிராதி வைக்கும் அளவுக்கு இடம் இல்லை. மதலைமுத்து கடைசி வரை அந்தக் கோபுரத்தில் பூசைக்கும் செபத்துக்கும் மணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் கையை எடுக்க யாராலும் முடியவில்லை. கயிற்றைத் தொட வேறு ஆள் வரவேண்டுமே.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மரியாதைக்காகச் சண்டை வந்தால், அந்த மரியாதையைச் செய்து கொடுக்கும் கை யாருடையது என்று முதலில் பாருங்கள். அந்தக் கை இல்லாமல் சண்டைக்காரனால் ஒன்றும் நடத்த முடியாது. அதைச் சொல்லிக் காட்டுங்கள். பிறகு, "சாமி வரட்டும்" என்று சொல்லாதீர்கள். சாமியார் வந்தால் சாமியார் வேலையைப் பார்ப்பார். நீங்கள் நிற்கும் இடத்தில் நீங்கள்தான் நிற்கிறீர்கள். வேலை போனால் போகட்டும். குன்னம் ஒன்றும் நரகம் இல்லை; வெங்காயம் நன்றாக விளையும்.

புத்தகத்தை எழுதியவர்களுக்கு நான் கடிதம் போடவில்லை. போட்டால் "காலரா காலத்தில் உபதேசியார் ஒருவர் ஆற்றிய தொண்டு" என்று என்னையும் ஒரு வரியில் சேர்த்து வைத்துவிடுவார்கள். எனக்கு அது வேண்டாம். நீங்கள் அந்தப் பங்குக்குப் போனால் கோபுரத்தை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். அங்கே சாவுக்காகக் கடைசியாக மணி அடித்தது பெரியதனக்காரர் வீட்டுத் தாயாருக்கு இல்லை. கம்பு தூற்றிய அருளாயிக்கு. மூன்று மூன்றாக.